ஐஎல்டி பயிற்சிக்கு எங்கே போவது? டிஎம், உள்நாட்டு ஃபெலோஷிப், பிரிட்டன், அப்சர்வர்ஷிப், சொந்த ஊர்: ஓர் ஒப்பீடு

போன மாதம் ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்கு போன் வந்தது. என்னிடம் எம்டி படித்த மாணவி. இப்போது தென்மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நுரையீரல் மருத்துவர். "மேடம், ஐஎல்டி சரியா கத்துக்கணும். டிஎம் எழுதட்டுமா, லண்டன் போகட்டுமா, இல்ல ரெண்டு மாசம் எங்கயாவது அப்சர்வரா நின்னுட்டு வந்தா போதுமா?" என்றார். இதே கேள்வியை இந்த ஓராண்டில் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். போனில் பாதி சொல்வேன், மீதியை மறந்துவிடுவேன். அதனால்தான் முழுசாக எழுதி வைக்கிறேன்.

மருத்துவர் அல்லாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். டிஎம் என்பது எம்டிக்கு மேல் படிக்கும் பட்டம். அப்சர்வர் என்றால் நோயாளியைத் தொடாமல், பக்கத்தில் நின்று பார்த்துக் கற்பவர். ஐஎல்டி (இன்டர்ஸ்டிஷியல் லங் டிசீஸ்) என்பது ஒற்றை நோயின் பெயரல்ல. நுரையீரலின் காற்றறைகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய திசு வீங்கியும் தழும்பேறியும் போகிற 200-க்கும் மேற்பட்ட நோய்களுக்கு அது பொதுப்பெயர். வறட்டு இருமல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, முதுகின் கீழ்ப்பகுதியில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் வெல்க்ரோ பட்டையைப் பிரிக்கிற மாதிரி ஓர் ஒலி. வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். மருந்துதான் நேர் எதிரெதிர். சில வகைகளில் ஸ்டீராய்டு ஆளை எழுப்பி நடக்க வைக்கும். காரணம் தெரியாமல் தழும்பேறும் ஐபிஎஃப் என்ற வகையிலோ, ஸ்டீராய்டும் அசத்தியோப்ரினும் சேர்த்துக் கொடுத்தவர்கள் கூடுதலாக இறந்தார்கள். பாந்தர் என்ற ஆய்வு அதைக் காட்டியதால் 2011-இல் அந்தச் சிகிச்சைப் பிரிவையே பாதியில் நிறுத்தினார்கள். அதுவரை உலகம் முழுக்க நாங்கள் எழுதிக்கொண்டிருந்த மருந்துச் சீட்டு அது. சரியான பெயரைக் கண்டுபிடிப்பதுதான் இந்தத் துறையில் பாதி வைத்தியம்.

நம் ஊரில் நெஞ்சக மருத்துவம் காசநோயிலிருந்து கிளைத்தது. தாம்பரம் சானடோரியம் 1928-இல் தொடங்கியது காசநோய்க்காக. எங்கள் எம்டி பட்டத்தின் பெயரிலேயே வெகுகாலம் "டிபி" முன்னால் நின்றது. அந்தப் பாரம்பரியத்துக்கு நான் நன்றியுள்ளவள். ஆனால் அதன் நிழலில், சளியில் கிருமி காணாமலேயே ஆறு மாதம் டிபி மாத்திரை சாப்பிட்டு, நுரையீரல் சுருங்கிய பிறகு வந்து சேரும் ஐஎல்டி நோயாளிகளை வாராவாரம் பார்க்கிறேன். இந்தப் பயிற்சியை நான் இவ்வளவு தூரம் வலியுறுத்துவது அவர்களை மனதில் வைத்துத்தான்.

## எதை வைத்து அளப்பது?

மருத்துவமனையின் பெயரை வைத்து அளக்காதீர்கள். நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன், முதல் இரண்டுக்கே பாதிக்கு மேல் மதிப்பெண்.

முதலாவது, எம்டிடி கூட்டம். நுரையீரல் மருத்துவர், ரேடியாலஜிஸ்ட், பெத்தாலஜிஸ்ட், ருமட்டாலஜிஸ்ட் (மூட்டுவாத நிபுணர்) நால்வரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரு நோயாளிக்குப் பெயர் வைக்கும் கூட்டம். அது வாரம் தவறாமல் நடக்கிறதா என்று கேட்பது போதாது. அதில் நீங்கள் கேஸ் சொல்வீர்களா, உங்கள் டயக்னோசிஸை முதலில் சொல்லிவிட்டுத் திருத்தம் வாங்குவீர்களா, இல்லை பின்வரிசையில் நாற்காலி போட்டு உட்காருவீர்களா என்று கேட்க வேண்டும்.

என் பயிற்சிக் காலத்தில் ஒரு கூட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில் வேலை செய்தவரின் ஸ்கேன். நான் எழுந்து "ஐபிஎஃப்" என்றேன். ரேடியாலஜிஸ்ட் விளக்கை அணைத்துவிட்டு மேலிருந்து கீழாக மெதுவாக உருட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "மூச்சை வெளியே விட்டு எடுத்த படம் எங்கே?" என்றார். எடுக்கவே இல்லை. நோயாளியைத் திரும்ப அனுப்பி எடுத்து வரச் சொன்னோம். அந்தப் படத்தில் நுரையீரல் மூன்று நிறமாகப் பிரிந்து கிடந்தது: நோயுற்ற வெளுத்த திட்டு, நல்ல திசுவின் சாம்பல், காற்று வெளியேற முடியாமல் அடைபட்ட கறுப்பு. அது ஐபிஎஃப் அல்ல. சுவாசத்தில் கலந்த தூசியால் வரும் ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ், சுருக்கமாக எச்பி. வேலையை மாற்ற வேண்டியவருக்கு நான் மாத்திரை எழுதியிருப்பேன். புத்தகத்தில் அந்த மூவண்ணப் படத்தைப் பத்து முறையாவது பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த அறையில் எழுந்து நின்று தப்பாகச் சொன்னதால்தான் அது என்னோடு தங்கியது.

இரண்டாவது, அதே நோயாளியை மறுபடி பார்ப்பது. ஐஎல்டி முதல் நாளில் தன் பெயரைச் சொல்வது குறைவு. ஆறு மாதம் கழித்து எஃப்விசி (முழு மூச்சை இழுத்து ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு) எவ்வளவு இறங்கியது, ஸ்டீராய்டுக்கு அசைந்ததா, கையில் புதிதாக ஏதும் வந்ததா என்பதெல்லாம் சேர்ந்துதான் பெயர் வரும். 2022 சர்வதேச வழிகாட்டியில் "தழும்பு வளர்கிறது" என்று தீர்மானிக்கும் விதிகளே ஓராண்டுக் கணக்கில்தான் இருக்கின்றன: அறிகுறி கூடுவது, எஃப்விசி 5 அல்லது டிஎல்சிஓ (நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு கடக்கும் திறன்) 10 சதவீதப் புள்ளி குறைவது, ஸ்கேனில் தழும்பு பரவுவது. இந்த மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். ஓராண்டைக் கண்ணால் காணாதவருக்கு இந்த விதி வெறும் எழுத்து.

தனியாகப் பொறுப்பேற்ற புதிதில் ஒருவருக்கு ஐபிஎஃப் என்று பெயர் வைத்து எட்டு மாதம் தழும்பை மட்டுப்படுத்தும் பிர்ஃபெனிடோன் மாத்திரை கொடுத்தேன். எட்டாவது மாதம் அவர் கையை நீட்டியபோது விரல்களின் பக்கவாட்டுத் தோல் மெக்கானிக் கை மாதிரி வெடித்திருந்தது. தசை அழற்சி ஆன்டிபாடி பரிசோதனை பாசிட்டிவ். ஸ்டீராய்டுக்குக் கேட்கக்கூடிய நோய். எட்டு மாதம் போயிருந்தது. அந்தக் கை முதல் நாளே அப்படி இருந்ததா, நான் பார்க்காமல் விட்டேனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதிலிருந்து, ஸ்கேனைத் திறப்பதற்கு முன்னால் கையைப் பார்க்கிறேன்.

மூன்றாவது, நோய்க்கலவை. நீங்கள் எந்த ஊரில் வைத்தியம் பார்க்கப் போகிறீர்களோ அந்த ஊர் நோய்கள் பயிற்சியிடத்தில் வருகின்றனவா? 2012 முதல் 2015 வரை 19 நகரங்களின் 27 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய இந்திய ஐஎல்டி பதிவேட்டில் 1,084 பேர். அதில் 47 சதவீதம் எச்பி, ஐபிஎஃப் 14 சதவீதம்கூட இல்லை. எச்பி வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஏர்கூலர் தொடர்பு இருந்தது. சண்டிகர் பிஜிஐ என்ற ஒரே மருத்துவமனையின் பதிவேட்டில் 803 பேர். அங்கே சார்காய்டோசிஸ் (சின்னச் சின்ன அழற்சி முடிச்சுகள் தோன்றும் நோய்) 42 சதவீதத்தோடு முதலிடம், எச்பி சுமார் 11 சதவீதம்தான். ஒரே நாடு, ஏறக்குறைய அடுத்தடுத்த ஆண்டுகள். எங்கே பயில்கிறீர்களோ அங்குள்ள கண்ணாடியைத்தான் மாட்டிக்கொண்டு திரும்புவீர்கள். தமிழ்நாட்டில் புல் பட்டை வைத்த கூலர் வட இந்தியா அளவுக்கு இல்லை. இங்கே அடுக்குமாடிப் புறா, கோழிப்பண்ணை, கல்குவாரித் தூசி, கூடவே எப்போதும் டிபி.

நான்காவது, கைவேலை. கிரையோபயாப்சி (நுரையீரல் திசுவை உறைய வைத்துத் துண்டு எடுப்பது) 2022 முதல் அறுவை பயாப்சிக்கு மாற்றாக, அனுபவமுள்ள இடங்களில், ஏற்கப்பட்டிருக்கிறது. ரத்தம் பீறிட்டால் பலூனால் அடைக்கத் தெரிந்தவர் பக்கத்தில் நின்று கற்க வேண்டிய வேலை. ஆனால் ஐஎல்டியில் பெரும்பாலான நோயாளிகளுக்கு பயாப்சியே தேவைப்படாது. இதற்காக மட்டும் ஒரு வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஐந்தாவது, பணம், வயது, குடும்பம், கையில் கிடைக்கும் சான்றிதழ்த் தாள். இதைக் கடைசியில் வைத்ததால் சின்ன விஷயம் என்று எண்ண வேண்டாம். வீட்டுக்கடன் தவணை கட்டுகிறவருக்கு இதுதான் முதல் கேள்வி.

## மூன்றாண்டு டிஎம்

நீட்-எஸ்எஸ் நுழைவுத் தேர்வு வழியாகவோ, எய்ம்ஸ், பிஜிஐ போன்ற இடங்களுக்கு ஐஎன்ஐ-எஸ்எஸ் வழியாகவோ நுழைய வேண்டும். எம்டி ரெஸ்பிரேட்டரி மட்டுமல்ல, எம்டி ஜெனரல் மெடிசின் முடித்தவர்களும் அதே சீட்டுகளுக்குப் போட்டி.

டிஎம்மின் பலம் அதன் நீளம். முதலாண்டில் பார்த்த நோயாளியை மூன்றாம் ஆண்டிலும் பார்ப்பீர்கள். இரண்டாவது அளவுகோலில் இதற்கு இணையே இல்லை. பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டு, பேராசிரியர் வழி திறக்கும், நல்ல துறை என்றால் கூட்டத்தில் பேசவும் விடுவார்கள்.

ஆனால் எய்ம்ஸ் போன்ற இடங்களில் பாடத்தின் முழுப்பெயரைக் கவனியுங்கள்: பல்மனரி, கிரிட்டிக்கல் கேர் அண்ட் ஸ்லீப் மெடிசின். இதில் ஐஎல்டி ஒரு மூலை. வென்டிலேட்டரும் ஐசியூ இரவுகளும்தான் உங்கள் நேரத்தில் பெரும்பங்கை விழுங்கும். வாரத்தில் ஒரு நாள் ஐஎல்டி கிளினிக், அன்றைக்கும் நைட் முடித்த கண்ணோடு போய் உட்கார வேண்டியிருக்கும். ஐஎல்டி மட்டும்தான் வேண்டும் என்பவர் டிஎம் சேர்ந்தால் மூன்றாண்டில் பாதியைத் தனக்கு வேண்டாத வேலைக்குக் கொடுக்கிறார். ஐசியூவும் பிடிக்கும், கற்பிக்கவும் ஆசை என்பவருக்கு அந்தப் பாதி வீணாகாது.

மறைசெலவு வயதுதான். நுழைவுத் தேர்வுக்கு ஓராண்டு, சில சமயம் இரண்டு. படிப்பு மூன்று. சேரும் இடத்தைப் பொறுத்து பாண்ட், அதாவது கட்டாயப் பணிக்காலம். முப்பதில் தொடங்கினால் முப்பத்தைந்து, முப்பத்தாறில் வெளியே வருவீர்கள்.

சேர்ந்துவிட்டவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: தீசிஸை ஐஎல்டியில் எடுங்கள். அறுபது எழுபது நோயாளிகளை இரண்டாண்டு தொடர வேண்டிய தலைப்பாக இருக்கட்டும். ஆறு நிமிட நடையை நீங்களே நடத்துங்கள், நோயாளி எந்த இடத்தில் நிற்கிறார், எப்போது விரல் நுனி நீலம் பாரிக்கிறது என்று நீங்களே குறியுங்கள். அந்த ஒரு தீசிஸ் மொத்த டிஎம்மையும் ஐஎல்டி பயிற்சியாக மாற்றிவிடும்.

## உள்நாட்டில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை

பெரிய மருத்துவமனைகளில் ஐஎல்டி கிளினிக்கோடு இணைந்த ஃபெலோவாகவோ, சீனியர் ரெசிடென்டாகவோ சேர்வது. எம்டி முடித்து இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

காரணம், நோய்க்கலவை. பத்து நோயாளிகளில் ஒருவருக்காவது "இது டிபியா, ஐஎல்டியா, இரண்டுமா?" என்ற கேள்வி எழும் இடத்தில்தான் நீங்கள் நாளைக்கு உட்காரப் போகிறீர்கள். ஸ்டீராய்டு தொடங்கும்போது பழைய காசம் கிளம்புமா என்று பயந்து பயந்து முடிவெடுப்பதை லண்டனில் யாரும் தினசரி கற்றுத்தர மாட்டார்கள். எச்பி இங்கே அதிகம் என்பது ஒரு பக்கம், எச்பிதான் நிபுணர்களையே திணறடிக்கிற நோய் என்பது இன்னொரு பக்கம். ஏழு நாடுகளின் ஏழு எம்டிடி குழுக்களிடம் அதே 70 நோயாளிகளின் விவரத்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016-இல் வந்தது. ஐபிஎஃப்பிலும், மூட்டுவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய்களோடு வரும் ஐஎல்டியிலும் குழுக்கள் ஓரளவு ஒத்துப்போயின. எச்பியில் மிகக் குறைவாகவே ஒத்துப்போயின. அதைக் கற்க, அது நிறைய வரும் இடத்தில் இருப்பதே வழி.

மொழியும் ஒரு காரணம். எச்பியில் பாதி டயக்னோசிஸ் கேள்வியில்தான் கிடைக்கும். "வீட்டில் பறவை இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள். "பால்கனியில் துணி காயப்போடும்போது தரையைக் கழுவ வேண்டியிருக்கா?" என்றால், "ஐயோ, அந்தப் புறாத் தொல்லையைக் கேக்காதீங்க" என்று ஆரம்பிப்பார்கள். தலையணையில் என்ன பஞ்சு, சுவரில் எந்தப் பக்கம் ஈரம், மாட்டுத்தீவனம் எங்கே அடுக்கியிருக்கிறது என்றெல்லாம் கேட்கும் கலையை நோயாளியின் மொழியிலேயே பழக வேண்டும்.

குறைகளும் உண்டு. இந்தச் சான்றிதழ்களில் பெரும்பாலானவை தேசிய மருத்துவ ஆணையமான என்எம்சி ஏற்கும் பட்டமாகாது. பெயர்ப்பலகையில் போட்டுக்கொள்ள முடியாது. சம்பளம் நீங்கள் விட்டுவிட்டு வரும் வேலையைவிடக் குறைவாக இருக்கும். மிகப் பெரிய ஆபத்து, "ஃபெலோ" என்ற பெயரில் வார்டு வேலைக்கு ஆள் எடுப்பது. எனக்குத் தெரிந்த ஒருவர் ஓர் ஊரில் ஓராண்டு ஐஎல்டி ஃபெலோவாக இருந்தார். எம்டிடி கூட்டத்தில் உட்கார்ந்தது மொத்தம் ஏழு முறை. மற்ற நாளெல்லாம் ஐசியூ. சேரும் முன் வாராந்திர அட்டவணையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

## பிரிட்டனில் ஓராண்டு, இரண்டாண்டு

அமெரிக்காவை இங்கே தனியாக எடுக்கவில்லை. அங்கே நோயாளியைத் தொட்டு வைத்தியம் பார்க்கும் ஐஎல்டி ஃபெலோஷிப், அந்நாட்டு நுரையீரல் பயிற்சியை முடித்தவர்களுக்கான மேல்படி. எம்டி முடித்து இங்கிருந்து நேரே போவது மிகக் கடினம்.

பிரிட்டனில் கதவு ஓரளவு திறந்திருக்கிறது. எம்ஆர்சிபி என்ற பிரிட்டன் தேர்வை முடித்து, அந்நாட்டு மருத்துவக் கவுன்சிலான ஜிஎம்சியின் பதிவு வாங்கி கிளினிக்கல் ஃபெலோ வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அல்லது வெளிநாட்டு மருத்துவர்களுக்கான எம்டிஐ பயிற்சித் திட்டத்தில் ராயல் காலேஜ் ஸ்பான்சர் செய்ய, அதிகபட்சம் 24 மாதம் பயின்றுவிட்டுத் திரும்பலாம். ஆங்கிலத் தேர்வான ஐஈஎல்டிஎஸ்ஸில் மொத்தம் 7.5, ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 7, அல்லது ஓஈடியில் எல்லாப் பிரிவிலும் பி கிரேடு வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் விண்ணப்பிக்கும் வாரத்தில் ஜிஎம்சி தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே கற்க வேண்டியது டயக்னோசிஸைவிட, நோயாளியைக் கடைசிவரை கவனிக்கும் ஏற்பாடு. ஐபிஎஃப்புக்கு, சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி 2013-லேயே வந்துவிட்டது. ஐஎல்டி சிறப்பு நர்ஸ் என்று தனிப் பொறுப்பாளரே அங்கு உண்டு. மருந்தால் வயிற்றுப்போக்கு வந்தால் நோயாளி முதலில் போன் செய்வது அவருக்குத்தான். ஆக்சிஜன் எப்போது, நுரையீரல் மாற்றுக்கு எந்தக் கட்டத்தில் அனுப்புவது, இருமலுக்கும் மூச்சுத்திணறலுக்கும் குறைந்த அளவு மார்ஃபினை எப்படிக் கொடுப்பது, இறுதிக்காலம் பற்றி நோயாளியோடு எப்படிப் பேசுவது. நான்கும் நம் பயிற்சியில் பலவீனமானவை. சென்னையில் நுரையீரல் மாற்று அறுவை நடக்கிறது. ஆனால் நோயாளிகள் அங்கே போய்ச் சேரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கிறது. சரியான மாதத்தில் அனுப்பத் தெரிந்தவர் மாவட்டத்துக்கு ஒருவர் இருந்தாலே எத்தனையோ பேர் பிழைப்பார்கள்.

மறைசெலவுகள்: தேர்வுகளுக்கும் காத்திருப்புக்கும் ஒன்றரை ஆண்டு. அந்தக் கட்டணங்கள், விசா, முதல் வாடகை என்று சம்பளம் வருமுன் கைக்காசு கரையும். போனபின் சம்பளம் உண்டு என்பதால் ஓராண்டுக் கணக்கில் நஷ்டமில்லை. முதல் மூன்று மாதம் கணினியும் கடித நடையும் பழகவே போய்விடும். பொது வார்டு ஆன்-கால் இருக்கும். துணைவரின் வேலை, குழந்தையின் பள்ளி, வீட்டில் பெரியவர்களின் உடல்நிலை ஆகியவற்றையும் கணக்கில் சேருங்கள்.

நோய்க்கலவையில் ஐபிஎஃப் எடை கூடுதல், டிபி சந்தேகம் அபூர்வம். ஸ்கேன்களெல்லாம் முறையாக எடுத்தே வந்து சேரும். அதனால் மோசமான ஸ்கேனை வைத்து என்ன செய்வது என்று அங்கே யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

## நான்கு முதல் பன்னிரண்டு வார அப்சர்வர்ஷிப்

நானும் போயிருக்கிறேன், எட்டு வாரம். பெரிய இடம், பெயர் வேண்டாம். கன்சல்டன்ட்டுக்குப் பின்னால் நின்றேன். இரண்டு நோட்டுப் புத்தகம் நிறைந்தது. நோயாளியைத் தொடக்கூடாது என்பது சட்டம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த எட்டு வாரத்தில் எந்த நோயாளியையும் இரண்டாவது முறை பார்க்கவில்லை. கூட்டத்தில் என்னிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பிய மறுவாரம் ஓபியில் ஒருவருக்கு ஸ்டீராய்டைக் குறைக்க வேண்டியிருந்தது. எந்த வேகத்தில் குறைப்பது, மறுபடி இறங்கினால் என்ன செய்வது என்பதற்கு இரண்டு நோட்டிலும் பதிலில்லை. விமானம், வாடகை, மூடிக்கிடந்த ஓபி எல்லாம் சேர்த்தால் அந்தத் தொகைக்கு உள்நாட்டில் நான்கு மாதம் சம்பளமில்லாமலே பயின்றிருக்கலாம். அமெரிக்காவில் சில இடங்கள் இதற்குத் தனிக் கட்டணமும் வாங்குகின்றன.

ஆனாலும் ஒருவகையினருக்கு இதுவே மிகச் சரி. பத்துப் பதினைந்து ஆண்டு அனுபவம், ஊரில் ஏற்கெனவே ஓர் எம்டிடி ஓடுகிறது, சில கேள்விகள் மட்டும் அடைபட்டுக் கிடக்கின்றன என்பவர்கள். அவர்கள் ஆறு வாரத்தில் கறக்க வேண்டியதைக் கறந்துவிடுவார்கள். போகும்போது உங்கள் கடினமான இருபது கேஸ்களை, நோயாளியின் ஒப்புதலோடும் பெயர் அடையாளம் நீக்கியும் எடுத்துப்போங்கள். மதிய இடைவேளையில் அங்குள்ள ரேடியாலஜிஸ்டிடம் ஒரு நாளைக்கு ஒன்று காட்டுங்கள். நான் இதைச் செய்யவில்லை என்பதுதான் அந்தப் பயணத்தில் என் பெரிய வருத்தம்.

## ஊரிலேயே இருந்து கற்பது

இதை ஒரு வழியாகவே பலர் கருதுவதில்லை. நான் கருதுகிறேன், ஒரு நிபந்தனையோடு.

வாரம் ஒரு மணி நேரம், ஒரு ரேடியாலஜிஸ்ட், முடிந்தால் ஒரு ருமட்டாலஜிஸ்ட், நான்கு கேஸ். பெத்தாலஜிஸ்ட் இன்னொரு ஊரில் இருந்தால் வீடியோவில் வரட்டும். ஒவ்வொரு கேஸுக்கும் ஒரு பெயர், எவ்வளவு உறுதி என்று ஒரு சதவீதம், ஆறு மாதம் கழித்து மறுபார்வைத் தேதி. ஓராண்டில் இருநூறு. பல ஃபெலோஷிப்களில் இந்த எண்ணிக்கை கிடைக்காது.

நிபந்தனை என்னவென்றால், வெளியிலிருந்து ஒரு மூத்தவர் மாதம் ஒருமுறையாவது உங்களைத் திருத்த வேண்டும். இல்லாவிட்டால் தவறு பழக்கமாகிவிடும். 2007-இல் வந்த ஓர் ஆய்வில், பல்கலைக்கழக மையங்களுக்கு வெளியே இருக்கும் மருத்துவர்கள் அதே நோயாளிகளுக்கு ஐபிஎஃப் என்ற பெயரைக் கூடுதலாக வைத்தார்கள். தனியாக இருந்தால் மனம் தெரிந்த பெயரிலேயே போய் உட்காரும். எனக்கும் அதுதான் நடந்தது.

## ஒரே பார்வையில்

| வழி | காலம் | கூட்டத்தில் பேச வாய்ப்பு | அதே நோயாளியைத் தொடர்தல் | நம் நோய்களோடு பொருத்தம் | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|---|
| டிஎம் | 3 ஆண்டு, தேர்வுத் தயாரிப்பு தனி | துறையைப் பொறுத்து நன்று | மிக நன்று | நன்று | வயது, ஐசியூ இரவுகள், பாண்ட் |
| உள்நாட்டு ஃபெலோ | 6 முதல் 12 மாதம் | இடத்துக்கு இடம் வேறுபடும் | ஓராண்டு என்றால் நன்று | மிக நன்று | அங்கீகாரமில்லாத தாள், வார்டு வேலையாக மாறும் ஆபத்து |
| பிரிட்டன் | 1 முதல் 2 ஆண்டு, முன்னால் ஒன்றரை ஆண்டு | நன்று | நன்று | சுமார் | முன்பணம், குடும்பப் பிரிவு, பழகும் காலம் |
| அப்சர்வர் | 4 முதல் 12 வாரம் | அநேகமாக இல்லை | இல்லை | சுமார் | எல்லாமே கைக்காசு, மூடிய ஓபி |
| ஊரிலேயே | முடிவில்லை | முழுவதும் உங்களுடையது | மிக நன்று | மிக நன்று | திருத்துவார் இல்லாவிட்டால் தவறு இறுகும் |

## யாருக்கு எது?

எம்டி இப்போதுதான் முடித்தவர், வயது முப்பதுக்குள், கல்லூரியில் ஆசிரியராக ஆசை: டிஎம். தயக்கமே வேண்டாம்.

ஊரில் வேலை, சின்னக் குழந்தை, ஓராண்டுக்கு மேல் விலக முடியாது: உள்நாட்டு ஓராண்டு. ஓராண்டும் முடியாதென்றால் ஆறு மாதம் போய்விட்டு, அடுத்த ஆறு மாதம் வாரம் ஒருமுறை அதே யூனிட்டின் கூட்டத்தில் வீடியோவில் சேர அனுமதி வாங்குங்கள். உங்கள் நோயாளிகளின் மறுபார்வையை அப்படியாவது கேட்கலாம்.

மாற்று அறுவை நடக்கும் மருத்துவமனையில் வேலை, அங்கே ஐஎல்டி திட்டம் ஒன்றைக் கட்ட வேண்டிய பொறுப்பு: பிரிட்டன். திரும்பி வரும் தேதியைப் போகும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள். தங்கிவிடுவது தப்பென்று நான் சொல்லவில்லை, ஆனால் உங்கள் மருத்துவமனை உங்களை நம்பி நோயாளிகளிடம் வாக்குக் கொடுத்திருக்கும்.

நாற்பதைத் தாண்டியவர், சொந்தக் கிளினிக்: முதலில் ஊரில் கூட்டத்தைத் தொடங்குங்கள். ஐம்பது கேஸ் சேர்ந்த பிறகு ஆறு வாரம் அப்சர்வராகப் போங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

## திரும்பி வரும் இடம்

எந்த வழியில் போனாலும் இதற்குப் பதில் வேண்டும்: திரும்பும்போது அங்கே யார் இருப்பார்கள்?

வெளியில் நன்றாகக் கற்றுத் திரும்பிய ஒரு தம்பி ஆறு மாதத்தில் மனமுடைந்து போனார். டிஎல்சிஓ இயந்திரம் இருந்தது, அதற்கான வாயு சிலிண்டர் தீர்ந்து பல மாதமாகியிருந்தது. ஸ்கேன் அறிக்கைகள் "இருபுறமும் நார்த்திசு மாற்றங்கள்" என்ற ஒற்றை வரியில் வந்தன. அவருடைய படிப்பில் குறையில்லை, பேச ஆளில்லை.

அதனால் நான் இப்போது எல்லோரிடமும் சொல்வது: தனியாகப் போகாதீர்கள், உங்கள் ரேடியாலஜிஸ்டையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் ஓராண்டு போனால் அவர் மூன்று வாரமாவது அதே யூனிட்டில் உட்காரட்டும். அந்தச் செலவை மருத்துவமனை ஏற்குமா என்று கேளுங்கள். ஐஎல்டியில் ஒரே பாஷை பேசும் இரண்டு பேர், பட்டம் பெற்ற ஒருவரைவிடப் பெரிய பலம். என் யூனிட்டில் முதலில் மாறியது ஸ்கேன் கோரும் படிவம்தான். ஒன்றரை மில்லிமீட்டருக்குள் மெல்லிய வெட்டு, மூச்சை இழுத்து ஒன்று, வெளியே விட்டு ஒன்று, குப்புறப் படுத்து ஒன்று என்று நானும் ரேடியாலஜிஸ்டும் உட்கார்ந்து நான்கு வரி எழுதினோம். டெக்னீஷியன் நோயாளிக்கு மூச்சு விடச் சொல்லித்தரும் வார்த்தைகளையும் எழுதினோம்: "ஊதுங்க, இன்னும் ஊதுங்க, அப்படியே நிறுத்துங்க." அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

## சேரும் முன் கேட்க வேண்டியவை

யூனிட் தலைவரிடம் கேட்டால் நல்ல பதில்தான் வரும். இப்போது அங்கே ஃபெலோவாக இருப்பவரின் எண்ணை வாங்கி, இரவு எட்டு மணிக்கு மேல், அவர் அறைக்குத் திரும்பிய பிறகு பேசுங்கள். போன மாதம் எம்டிடி எத்தனை முறை நடந்தது, எத்தனை முறை ரத்தானது? போன வாரம் எத்தனை இரவு ஐசியூ? ரேடியாலஜிஸ்ட் அறையில் இருக்கிறாரா, அறிக்கையை மட்டும் அனுப்புகிறாரா? உங்களுடைய பழைய நோயாளி மறுபடி வந்தால் உங்களிடமே வருகிறாரா, அன்றைக்கு ஓபியில் யார் இருக்கிறார்களோ அவரிடமா? கடைசியாக, ஆறு மாதத்துக்கு முன் கூட்டத்தில் வைத்த பெயரை அதே கூட்டம் எப்போதாவது மாற்றியிருக்கிறதா?

கடைசிக் கேள்விக்கு "மாத்தியிருக்காங்க, போன மாசம்கூட ரெண்டு" என்று பதில் வந்தால் அங்கே சேருங்கள்.